பிக்ஸ் பை: மழை பொய்க்கும் மக்குவேனியில் ஒரு விளைச்சலை ஓராண்டு காக்குமா?

கென்யாவின் தென்கிழக்கில் உள்ள மக்குவேனி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழை. மார்ச் முதல் மே வரை பெய்வது நீண்ட மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது குறுகிய மழை. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது; அங்கே விவசாயி நம்பி விதைப்பது குறுகிய மழையைத்தான். நீண்ட மழையில் மக்காச்சோளம் பாதி வளர்ந்து கருகுவது வழக்கமாகிவிட்டது. ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் வீடு வந்து சேரும் தானியம் அடுத்த பிப்ரவரி வரை தாங்க வேண்டும். நடுவில் ஒரு குறுகிய மழையும் தவறினால் இருப்பு இன்னும் ஓராண்டு ஓட வேண்டும். 2020 கடைசியில் தொடங்கி 2022 கடைசி வரை தொடர்ந்து ஐந்து பருவங்கள் பொய்த்தன. அதற்கு மறு ஆண்டே எல் நினோ வந்து கொட்டித் தீர்த்தது.

காலநிலை மாற்றத்தைத் தாக்குப்பிடிப்பது என்றதும் பேச்சு விதையில் தொடங்கும். வறட்சி தாங்கும் ரகம், சரிவுக்குக் குறுக்கே பள்ளம் தோண்டி, மண்ணை மேட்டுப் பக்கம் எறிந்து வரப்பெடுக்கும் ஃபான்யா ஜூ முறை, மணல் ஆற்றுக்குக் குறுக்கே எழுப்பும் மணல் அணை என்று அது நீளும். எல்லாமே தேவைதான். ஆனால் இவை எல்லாம் விளைச்சலோடு நின்றுவிடுகின்றன. நல்ல பருவத்தில் கூடுதலாகக் கிடைத்த நான்கு மூட்டையை வண்டு தின்றுவிட்டால் வறட்சி தாங்கும் விதை போட்டதில் என்ன பயன்? இந்த மதிப்புரை அந்த நான்கு மூட்டையைப் பற்றியது. அதைக் காக்க மக்குவேனியின் அக்ரோவெட் கடைகளில், அதாவது விவசாய இடுபொருளும் கால்நடை மருந்தும் விற்கும் கடைகளில், கிடைக்கும் பிக்ஸ் என்ற காற்றுபுகாத் தானியப் பை அந்த வேலையைச் செய்கிறதா, எங்கே கைவிடுகிறது என்று பார்ப்போம்.

பையில் மூன்று அடுக்கு. உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாலிதீன் உள்பைகள். ஒவ்வொன்றும் 80 மைக்ரான் தடிமன். வெளியே வழக்கமான நெய்த பிளாஸ்டிக் சாக்கு. உள்பைகள் காற்றைத் தடுக்கும். வெளிச் சாக்கு எடையைத் தாங்கும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் கேமரூனில் தட்டைப்பயற்றை வண்டிலிருந்து காக்க உருவாக்கிய முறை இது. 2007க்குப் பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய அளவில் பரவி, பின்னர் கிழக்குக்கு வந்தது. மருந்து எதுவும் கிடையாது. தானியத்தோடு உள்ளே மாட்டிக்கொண்ட பூச்சிகளே இருக்கும் ஆக்சிஜனை மூச்சுவிட்டுத் தீர்க்கின்றன. ஆக்சிஜன் 5 சதவீதத்துக்குக் கீழே போனதும் தின்பதை நிறுத்துகின்றன, முட்டையிடுவது நிற்கிறது.

பூச்சி மூச்சுத்திணறிச் சாகிறது என்று பலர் சொல்வார்கள். நடப்பது அதைவிடச் சுவாரசியமானது. காய்ந்த தானியத்துக்குள் வாழும் வண்டு தண்ணீர் குடிப்பதில்லை. தின்ற மாவுச்சத்தை ஆக்சிஜனோடு எரித்து, அதில் உண்டாகும் நீரை வைத்துத்தான் உயிர் வாழ்கிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் அந்த நீரும் இல்லை. வண்டு காய்ந்து சாகிறது. இதைப் புரிந்துகொண்டால் இரண்டு விஷயங்கள் விளங்கும். ஒன்று, பூச்சி அதிகம் உள்ள மூட்டையில் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும், குறைவாக உள்ளதில் மெதுவாகத் தீரும். அதனால் கட்டிய மறுவாரம் ஒன்றிரண்டு வண்டு நடமாடுவதைப் பார்த்துப் பை சரியில்லை என்று முடிவுகட்டக் கூடாது. இரண்டு, தானியம் ஈரமாக இருந்தால் இந்தக் கணக்கே தப்பிவிடும்.

மக்குவேனியில் எதிரி சாதாரண வண்டு அல்ல. மத்திய அமெரிக்காவிலிருந்து 1970களின் பிற்பகுதியில் தான்சானியாவுக்குள் நுழைந்து, 80களில் கென்யாவுக்கு வந்த பெரிய தானியத் துளைப்பான்தான் அங்கே பெரும் நாசம் செய்வது. உள்ளூரில் அதற்கு ஒசாமா என்று பட்டப்பெயர். மரத்தையே துளைக்கும் இந்தப் பூச்சி கதிரோடு சேமித்த மக்காச்சோளத்தை விரும்பித் தின்னும். ஆறு மாதத்தில் எடையில் மூன்றில் ஒரு பங்கு போன நிலைமை ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மூட்டையை அசைத்தால் மாவு கொட்டும். சாதாரண மக்காச்சோள வண்டும் 27 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஐந்து வாரத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடும். வெப்பம் கூடக் கூட இந்தச் சுழற்சி வேகமெடுக்கிறது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பின்னல் குதிரில் கதிராகவே போட்டுவைக்கும் பழைய வழக்கம் இந்தத் துளைப்பானிடம் தோற்றுப்போனதற்குக் காரணம் இதுதான்.

இனி பயன்படுத்தும் முறை. பை வாங்கியவர்கள் ஏமாந்துபோன கதைகளில் பெரும்பாலானவை பைக்கு முன்னால், களத்திலேயே தொடங்குகின்றன.

மக்காச்சோளத்தின் ஈரம் 13.5 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். செடியிலேயே காயவிட்டு ஒடித்த கதிரில்கூட பெரும்பாலும் இதைவிட அதிக ஈரம் இருக்கும். கதிரை உரித்து, தார்ப்பாயில் 5 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். வெறும் மண்ணில் காயப்போடக் கூடாது. பூஞ்சை வித்துகள் மண்ணில்தான் இருக்கின்றன. மாலையில் சுருட்டி மூடிவைக்க வேண்டும், இல்லையென்றால் இரவுப் பனி பகல் வெயிலின் வேலையைக் கெடுத்துவிடும். பிப்ரவரி வெயிலில் இரண்டு மூன்று நாள் போதும். நீண்ட மழையின் விளைச்சல் ஜூலையில் வரும்போதுதான் சிக்கல். அப்போது மக்குவேனியின் மேட்டுப் பகுதிகளில் நாள் முழுக்க மேகமும் குளிரும் தூறலுமாக இருக்கும். ஒரு வாரம் காயப்போட்டும் பதம் வராமல் போகலாம். அந்தப் பருவத்துத் தானியத்தை அவசரப்பட்டு இந்தப் பையில் அடைப்பதைவிட, சாதாரண சாக்கில் காற்றோட்டமாக வைத்து வெயில் வந்ததும் மீண்டும் காயவைப்பதே மேல்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பல்லில் கடித்துப் பார்ப்பது அனுபவசாலிக்குக்கூட 13க்கும் 15க்கும் வித்தியாசம் காட்டாது. உப்புச் சோதனை கொஞ்சம் நம்பகமானது. மூடியுள்ள, நன்றாகக் காய்ந்த முக்கால் லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மக்காச்சோளம் போடுங்கள். மூன்று நான்கு மேசைக்கரண்டி காய்ந்த உப்பைச் சேருங்கள். ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் 15க்குக் கீழே. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 15க்குக் கீழே என்பது 13.5 அல்ல. உப்பு ஒட்டவில்லை என்றால் இன்னும் ஒரு முழு நாள் வெயில் கொடுத்துவிட்டுத்தான் மூட்டை கட்ட வேண்டும்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் காற்றின் ஈரத்தைக் காட்டும் சிறிய டிஜிட்டல் மானி ஒன்று போதும். ஒரு கண்ணாடித்தாள் பையில் தானியத்தோடு அதைப் போட்டு இறுக்கக் கட்டி, நிழலில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். காற்றின் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னும் காயவில்லை. ஒரு மானியைக் குழுவாக வாங்கி ஊரே பகிர்ந்துகொள்ளலாம். பை வாங்கும் காசில் ஒரு பகுதியை முதலில் இதற்குச் செலவழிப்பதுதான் எங்கள் பரிந்துரை. ஈரமான தானியத்தை ஒரு நல்ல பை கெட்டுப்போகவிடும் வேகத்தில் ஓட்டைச் சாக்குகூடக் கெடுக்காது. சாக்கில் ஈரம் வெளியேற வழியுண்டு, இதில் கிடையாது.

வெயிலில் சூடான தானியத்தை அப்படியே கொட்டுவதும் தவறு. இரவு பை குளிரும்போது உள்சுவரில் நீர்த்துளி பூத்து, ஓரத்துத் தானியம் பூஞ்சை பிடிக்கும். நிழலில் ஆறவிட்டுக் கட்டுங்கள். அதற்கு முன் சலித்துப் புடைத்து உமி, குறுணை, கதிர்த்தண்டுத் துண்டு எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். உடைந்த தண்டின் கூர்முனை ஒன்று போதும், உள்பையைக் கிழிக்க.

நிரப்புவதற்கு முன் இரண்டு உள்பைகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். வாயைக் கையால் பிடித்துக் காற்றடைத்து, பலூனைப் போல அழுத்தி, கன்னத்தருகே கொண்டுபோய்க் காற்று கசிகிறதா என்று பாருங்கள். அடித்தையல் மூலைகளை மறக்காதீர்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான். பிறகு ஒன்றை மற்றொன்றுக்குள் இட்டு, இரண்டையும் சாக்குக்குள் இறக்கி, வாய் விளிம்புகளை வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். முதலில் இரண்டு மூன்று கிலோ மட்டும் போட்டு, உள்பை சாக்கின் மூலைவரை படிந்ததா என்று கைவிட்டுச் சரிசெய்யுங்கள். மூலையில் படியாமல் தொங்கும் உள்பை எடை ஏறியதும் கிழியும். பிறகு நிரப்பி, அவ்வப்போது தூக்கித் தட்டி, இடைவெளி இல்லாமல் அமர்த்துங்கள். கென்யச் சந்தைக் கணக்கு 90 கிலோ மூட்டை. 100 கிலோ பையில் அது அடங்கி, கட்டுவதற்கு வாயும் மிஞ்சும். பத்து கிலோ கூடுதலாகத் திணிக்க ஆசைப்பட்டால் கட்டு நிற்காது.

கட்டுவதில்தான் உயிரே இருக்கிறது. உள்பையின் வாயைத் தானியத்தின் மேல் அழுத்திக் காற்றை வெளியே தள்ளி, கழுத்தை இறுக்க முறுக்குங்கள். முறுக்கின் அடியில், தானியத்தை ஒட்டி, ஒரு கட்டு. மீதி முறுக்கை மடித்துக் கீழே கொண்டுவந்து அதன்மேல் இரண்டாவது கட்டு. இரண்டாவது உள்பைக்கும் இதையே தனியாகச் செய்ய வேண்டும். கடைசியாகச் சாக்கு. இரண்டு உள்பையையும் சேர்த்து ஒரே முடிச்சுப் போடுவதுதான் மக்கள் அதிகம் செய்யும் குறுக்குவழி. அப்படிக் கட்டினால் இரண்டு அடுக்கு இருந்தும் ஒரு அடுக்கின் பாதுகாப்புதான். சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பர் நாடா நைலான் கயிற்றைவிட நன்றாகப் பிடிக்கும்.

கட்டிய மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரைத் தொடாமல், வெயில் படாத இடத்தில் நிறுத்துங்கள். எலிக்கு இந்தப் பையிடம் பயமே கிடையாது. ஒரே இரவில் மூன்று அடுக்கையும் கடித்துவிடும். குறைந்தது இரண்டு மாதமாவது திறக்காமல் விட வேண்டும்.

அன்றாடம் சாப்பிட எடுக்கும் குடும்பத்துக்கு இந்தக் கடைசி விதிதான் கஷ்டம். வழி ஒன்று உண்டு. ஒரு மூட்டையை மட்டும் சமையலுக்கு என்று ஒதுக்கி, அதை வாரம் ஒருமுறை திறந்து பெரிய பாத்திரம் நிறைய எடுத்துவிட்டு உடனே மறுபடி முறுக்கிக் கட்டுங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள். ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை மக்காச்சோளம் என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் பொதுவாகப் போடும் கணக்கு. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்தாறு பை வேண்டும். அவை குதிரில் அல்லாமல் வீட்டுக்குள்ளேதான் நிற்கும். படுக்கும் அறையில் பாதியை மூட்டைக்கு விடத் தயாரா என்பதையும் வாங்குமுன் யோசிக்க வேண்டும்.

பயறு வகைகளில் இந்தப் பை பிரகாசிக்கிறது. மக்குவேனியின் பணப்பயிர் பச்சைப்பயறு. பயறு வண்டு வயலிலேயே காயில் முட்டையிட்டு, அறுவடையோடு வீட்டுக்கு வந்துவிடும். 30 டிகிரியில் மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை வெளியே வரும். இந்தப் பயத்தில்தான் அறுவடையான வாரமே எல்லோரும் விற்கிறார்கள். தரகர் சொல்வதே விலை. பையில் கட்டினால் வண்டு பரவாது, பயறின் நிறம் மங்காது, விதைக்கு எடுத்தாலும் முளைப்புத்திறன் குறையாது. துவரைக்கும் இது பொருந்தும். முதல்முறை வாங்குபவர் பயறில் தொடங்கினால் பையின் பலன் சட்டென்று கண்ணுக்குத் தெரியும்.

மக்காச்சோளத்தில் மதிப்பெண் கொஞ்சம் குறைகிறது. தானியத்தைப் பை காப்பது உண்மை. ஆனால் பெரிய தானியத் துளைப்பான் சாவதற்கு முன் உள்பையை உள்ளிருந்தே துளைக்கும். இரண்டாவது உள்பை இருப்பதால் அந்த ஆண்டு தப்பும். அடுத்த ஆண்டு அந்த உள்பையை அப்படியே பயன்படுத்த முடியாது. கவனமாக வைத்துக்கொண்டால் ஒரு பை இரண்டு மூன்று பருவம் வரும் என்பது பயறுக்குச் சரி. துளைப்பான் நிறைந்த ஊரில் மக்காச்சோளத்துக்கு ஒன்றிரண்டு என்று வைத்துக் கணக்குப் போடுவதே பத்திரம். ஊசித்துளை ஒன்றிரண்டு என்றால் இருபக்கமும் பசைநாடா ஒட்டி, அதை நடு அடுக்காக மாற்றி, நல்லதை உள்ளே போடலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வானத்து நட்சத்திரமாகத் துளைகள் தெரிந்தால் அதைக் காயப்போடும் விரிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலை சுமார் 250 ஷில்லிங், கடைக்குக் கடை மாறும். கிலோ 40 ஷில்லிங் என்று வைத்தாலும் ஆறு கிலோ மக்காச்சோளத்துக்குச் சற்று மேல். 90 கிலோவில் ஆறு கிலோவுக்கு மேல் வண்டு தின்னும் ஊரில் முதல் பருவத்திலேயே காசு திரும்பிவிடும். மக்குவேனி அப்படிப்பட்ட ஊர்.

மாற்றுகள் என்ன? ஆக்டெலிக் என்ற பூச்சிமருந்துத் தூள் 90 கிலோவுக்கு 50 கிராம் கலந்தால் மலிவாக முடியும். ஆனால் சில மாதங்களில் வீரியம் இறங்கிவிடும், மீண்டும் கலக்க வேண்டும். சாப்பிடும் தானியத்தில் மருந்து கலப்பதை விரும்பாத வீடுகளும் பல. கலப்படத் தூளும் சந்தையில் உண்டு. நான்கு மாதத்துக்கு மட்டும் வைக்கப்போகிறவருக்குத் தூள் போதும். உலோகக் குதிர் எலிக்கும் துளைப்பானுக்கும் அசையாது, பல ஆண்டு வரும். ஆனால் முதலீடு பல மடங்கு, நல்ல தகரக் கொல்லர் வேண்டும், வெயில் படும் இடத்தில் வைத்தால் உள்ளே வியர்க்கும். நாலு மூட்டைக்காரருக்கு அது அதிகம். ஆண்டுதோறும் இருபது மூட்டை எடுப்பவர் அதைத்தான் பார்க்க வேண்டும். அக்ரோஇசட், கிரெய்ன்ப்ரோ போன்ற காற்றுபுகாப் பைகளும் இதே தத்துவம்தான். சீரோஃப்ளை வகையின் வெளிச் சாக்கில் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி சேர்த்திருப்பதால் வெளியிலிருந்து வரும் பூச்சியைத் தடுக்கும். எதுவானாலும் உள்பை தடிமனாக, தையல் சுத்தமாக இருக்க வேண்டும். மெல்லிய ஒரே உள்பையோடு, அதே தோற்றத்தில் மலிவாக விற்கும் போலிகளை வாங்கிவிட்டுக் காற்றுபுகாப் பையே உதவாது என்று சொல்வோர் நிறைய.

பூஞ்சை உண்டாக்கும் நஞ்சான அஃப்லாடாக்சின் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லியாக வேண்டும். 2004இல் மக்குவேனி, கிடுயி உள்ளிட்ட கிழக்கு மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். கதிர் முற்றும் நேரத்தில் வறட்சியும் வெப்பமும் சேர்ந்தால் வயலிலேயே நஞ்சு ஏறத் தொடங்குகிறது. வெப்பம் கூடும் ஆண்டுகளில் இந்த ஆபத்தும் கூடும். நன்றாகக் காய்ந்த தானியத்தைப் பையில் வைத்தால் நஞ்சு மேலும் வளராது. ஆனால் வயலிலிருந்தே வந்த நஞ்சைப் பை நீக்காது. ஈரமாகக் கட்டினால் நிலைமை மோசமாகும். சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை படிந்த மணிகளைக் காயப்போடும்போதே பொறுக்கி எறிந்துவிடுங்கள், கோழிக்கும் போடாதீர்கள். வயலில் தடுக்க வேண்டுமானால் அஃப்லாசேஃப் என்ற உயிரித் தடுப்புப் பொருளைத் தூவ வேண்டும். ஏக்கருக்கு நான்கு கிலோ, பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, மண் ஈரமாக இருக்கும்போது. பையும் அதுவும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரண்டும் வேண்டும்.

பையால் தீராத இன்னொன்று பணமுடை. கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. கட்டணத்துக்கு வாங்கிய கடன் பிப்ரவரி அறுவடையில் கழுத்தைப் பிடிக்கும். எத்தனை நல்ல பையாக இருந்தாலும் காலியாக இருந்தால் பயனில்லை. அப்படிப்பட்ட வீடு எல்லாவற்றையும் விற்றுத்தீர்க்காமல், சமையலுக்கு இரண்டு மூட்டை, விதைக்கு ஒரு சிறிய 50 கிலோ பை என்று ஒதுக்கிக் கட்டிவிட்டு மீதியை விற்பதே செய்யக்கூடியது. விதைப் பை எல்லாவற்றிலும் முக்கியம். மழை பொய்த்த பருவத்துக்குப் பிறகு சந்தையில் நல்ல கட்டுமானி மக்காச்சோள விதையோ பச்சைப்பயறு விதையோ கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை எட்டாது.

மக்குவேனிக்கு இது வாங்க வேண்டிய பை. பயறுக்கு ஐந்துக்கு ஐந்து, மக்காச்சோளத்துக்கு நான்கு. காயவைக்கத் தார்ப்பாயும் ஈரம் பார்க்க உப்புப் பாட்டிலோ மானியோ இல்லாதவருக்கு ஒன்றுகூடத் தர முடியாது. கடைக்காரர் அடுக்கிலிருந்து எடுத்துத் தரும்போது அங்கேயே பிரித்து, உள்பை இரண்டு இருக்கிறதா என்று எண்ணி, இரண்டிலும் காற்றடைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.